பாட வந்த பிள்ளைகள்: ஃபை மியூ ஆல்ஃபா சின்ஃபோனியா, ஒரு மதிப்புரை

அம்மாவுக்கு இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை முடிந்ததும், மீண்டும் நடக்கப் பழகுவதற்காக ஆறு வாரம் ஒரு பராமரிப்பு இல்லத்தில் தங்க வேண்டியதாயிற்று. அமெரிக்காவின் மத்திய மேற்குப் பகுதியில் நாங்கள் வசிக்கும் சிறு நகரத்தில் அத்தகைய இல்லங்கள் பெரும்பாலும் ஒரே சாயலில்தான் இருக்கின்றன: நீண்ட நடைகூடம், அதன் இருபுறமும் அறைகள், யாரும் பார்க்காமலேயே நாள் முழுவதும் ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சியுடன் ஒரு பொதுக்கூடம். தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலை, இரவு உணவுத் தட்டுகளை எடுத்துச் சென்ற சிறிது நேரத்தில், வெள்ளைச் சட்டையும் கறுப்புக் காற்சட்டையும் அணிந்த பதினான்கு கல்லூரி மாணவர்கள் அந்த நடைகூடத்தில் வந்து நின்றார்கள். ஒருவர் கையிலும் வாத்தியம் இல்லை, ஒலிபெருக்கியும் இல்லை. அவர்களுள் ஒருவர் சட்டைப்பையிலிருந்து வட்டமான சிறு சுருதிக்குழலை எடுத்து ஒரே ஒரு சுரத்தை ஊதிக் காட்டினார். மூச்சு விடும் நேரத்திற்குள் பதினான்கு பேரும் பாடத் தொடங்கிவிட்டார்கள்.

இந்த மதிப்புரை அந்த மாலைச் சேவையைப் பற்றியது; அதை நடத்தும் ஃபை மியூ ஆல்ஃபா சின்ஃபோனியா என்னும் கல்லூரி இசைச் சகோதரச் சங்கத்தை (ஆங்கிலத்தில் ஃப்ரட்டர்னிட்டி) பற்றியதும்கூட. உணவகத்தையும் செல்பேசியையும் மதிப்பிடுவதுபோல் நூறாண்டு கடந்த மாணவர் சங்கம் ஒன்றை மதிப்பிடலாமா என்று கேட்பவர்கள் இருக்கலாம். அவர்கள் ஒரு சேவையைத் தந்தார்கள், நாங்கள் அதைப் பெற்றோம். பிறகு எங்கள் குடும்பத்திலேயே ஒரு பையன் சந்தா கட்டி அதில் சேர்ந்தான். வாடிக்கையாளனாகவும், வாடிக்கையாளனுக்குப் பணம் கொடுத்த மாமனாகவும் மதிப்பிடும் உரிமை எனக்கு உண்டு என்றே கருதுகிறேன்.

அன்று அவர்கள் ஏறத்தாழ நாற்பது நிமிடம் பாடினார்கள். பொதுக்கூடத்தில் கூடியிருந்தவர்களுக்காக ஐந்தாறு பாடல்கள் முடிந்தபின், படுக்கையை விட்டு எழ முடியாதவர்களுக்காக நடைகூடத்தின் வழியே மெல்ல நகர்ந்து, மூன்று நான்கு அறைகளுக்கு ஒருமுறை நின்று, கதவு திறந்திருந்த அறைகளில் மட்டும் அனுமதி கேட்டு, வாசலில் நின்றபடியே பாடினார்கள். ஒருவரும் அறைக்குள் நுழையவில்லை. ஒருவரும் செல்பேசியை எடுத்துப் படம் பிடிக்கவில்லை. நோயாளியின் அறை சிறியதாக இருந்தாலும் அந்த நேரத்தில் அதுதான் அவருடைய வீடு என்பதை யாரோ அவர்களுக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். பாடி முடித்ததும் கைத்தட்டலுக்காகக் காத்திருக்கவும் இல்லை. அந்த நடைகூடத்தில் கையைத் தூக்கித் தட்டக்கூடிய நிலையில் இருந்தவர்களே சிலர்தான்.

கர்நாடக இசையை மட்டுமே கேட்டு வளர்ந்த காதுக்கு இந்தப் பாட்டு முதலில் சற்று அந்நியமாகத் தோன்றும். நமக்கு ஒரு மெட்டு, ஒரு சுருதி, ஒரு வழி. இங்கே மேலே இரண்டு டெனர், கீழே ஒரு பாரிட்டோன், அடியில் ஒரு பாஸ் என்று நான்கு ஆண்குரல்கள் நான்கு வழியில் நடந்து, சொல் முடியும் இடத்தில் ஒன்றையொன்று சந்தித்துக்கொள்கின்றன. சில பாடல்களில் மெட்டு இரண்டாம் டெனரிடம் இருக்க, முதல் டெனர் அதற்கு மேலே மெல்லிய இழையாக ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியத் துணை இல்லாததால் ஒருவர் சுருதி விலகினாலும் உடனே தெரிந்துவிடும். ஆனால் நான்கு குரலும் சரியாகப் பொருந்தும் கணத்தில், பாடாத ஐந்தாவது குரல் ஒன்று மேலே ஒலிப்பதுபோல் காதில் படும். அது மாயமன்று, ஒலியின் மேற்சுரங்கள் ஒன்றையொன்று வலுப்படுத்துவதால் நிகழ்வது. தம்பூராவைச் சுத்தமாகக் கூட்டிவிட்டு மந்தரத் தந்தியை மீட்டும்போது காந்தாரம் தானாகக் கேட்கிறதே, ஏறக்குறைய அதே சங்கதிதான். ஓடு பதித்த அந்த நடைகூடம் கச்சேரி அரங்கைவிட இதற்கு ஏற்றதாக இருந்தது.

அம்மாவுக்கு ஆங்கிலப் பாடல்களில் ஒன்றுகூடத் தெரியாது. சக்கர நாற்காலியில் அமர்ந்தபடி, தாளம் போடலாமா வேண்டாமா என்ற தயக்கத்தோடு விரல்களை மடித்தும் விரித்தும் கேட்டுக்கொண்டிருந்தார். பையன்கள் அடுத்த பகுதிக்குக் கிளம்பியதும் என்னிடம் கேட்டது ஒரே கேள்விதான்: பாட வந்த பிள்ளைகளுக்கு யாராவது ஒரு வாய் காபி கொடுத்தார்களா? கொடுக்கவில்லை. காகிதக் கோப்பையில் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார்கள்.

அவர்கள் விட்டுச் சென்ற ஒற்றைத் தாளில் அன்றைய நிகழ்ச்சிக்கு ‘மில்ஸ் மியூசிக் மிஷன்’ என்று பெயரிட்டிருந்தார்கள். மிஷன் என்றதும் மதப் பிரசாரமோ என்று நான் ஐயுற்றது உண்மை. பிறகு தேடிப் படித்தபோதுதான், மில்ஸ் என்பது ஒரு மனிதரின் பெயர் என்பதும், அவரே இச்சங்கத்தின் நிறுவனர் என்பதும் தெரிந்தன. ஆசியன் எவரெட் மில்ஸ் (நம் ஆசியக் கண்டத்துக்கும் அந்தப் பெயருக்கும் தொடர்பில்லை) பாஸ்டன் நகரில் உள்ள நியூ இங்கிலாந்து கன்சர்வேட்டரி என்னும் இசைக் கல்லூரியில் பர்சராகப் பணியாற்றியவர். மிஷன் கல்லூரிகளில் படித்த தமிழர்களுக்குப் பர்சர் யாரென்று தெரியும்: கட்டணம் வாங்குபவர், பாக்கி வைத்தவனைக் கூப்பிட்டு விசாரிப்பவர். மாணவர்கள் பொதுவாகக் கண்டால் ஒதுங்கிப் போகும் அப்படிப்பட்ட அலுவலர் ஒருவர்தான் மாணவர்களுக்காக ஒரு சகோதரச் சங்கத்தைத் தொடங்கினார் என்பது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. வாத்தியப் பேராசிரியரோ, புகழ்பெற்ற இசையமைப்பாளரோ செய்யவில்லை. எந்த மாணவன் பணமில்லாமல் தவிக்கிறான், எவன் தனியாகக் கிடக்கிறான் என்பது கணக்குப் புத்தகத்தை வைத்திருப்பவருக்குத்தான் முதலில் தெரியும் போலும்.

சங்கம் தோன்றுவதற்கு முன்பே மில்ஸ் மாணவர்களை அழைத்துக்கொண்டு பாஸ்டன் மருத்துவமனைகளுக்குச் சென்று, நோயாளிகளுக்குப் பூக்களைக் கொடுத்து, பாடவும் வாசிக்கவும் வைத்திருக்கிறார். கன்சர்வேட்டரியில் அக்காலத்தில் பெண்களே மிகுதி. ஆண் மாணவர்கள் எண்ணிக்கையில் குறைவு, ஊர்விட்டு ஊர் வந்து தனித்தனி அறைகளில் கிடந்தவர்கள். அவர்களை ஒன்றுகூட்ட வேண்டும் என்ற எண்ணத்திலிருந்தே 1898ஆம் ஆண்டு அக்டோபர் 6ஆம் நாள் ‘சின்ஃபோனியா கிளப்’ பிறந்தது. பெயரைச் சொன்னவர் கன்சர்வேட்டரியின் இயக்குநரும் இசையமைப்பாளருமான ஜார்ஜ் சாட்விக். தாம் ஜெர்மனியின் லைப்சிக் நகரில் படித்த காலத்தில் உறுப்பினராக இருந்த மாணவர் அமைப்பின் பெயரை அவர் இதற்கு எடுத்துக் கொடுத்தார். சரியாக இரண்டாண்டுகள் கழித்து, 1900ஆம் ஆண்டின் அதே அக்டோபர் 6 அன்று, பிலடெல்பியாவின் பிராட் ஸ்ட்ரீட் கன்சர்வேட்டரியில் இரண்டாவது கிளை ஏற்கப்பட்டதும் அது தேசிய அமைப்பாயிற்று. இன்று அதன் கிளைகள் இருநூறைத் தாண்டுகின்றன. மில்ஸ் 1920இல் மறைந்தார். மருத்துவமனைக்குச் சென்று பாடும் பழக்கம் அவர் பெயரில் இன்றும் நடக்கிறது.

இச்சங்கத்தின் அடையாளச் சின்னங்களைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. சிவப்பு, கறுப்பு, பொன் என்று மூன்று வண்ணங்கள், சாமந்தி மலர், கிரேக்க எழுத்துகள் பொறித்த உடை. அமெரிக்கக் கல்லூரிகளில் இவ்வாறான சங்கங்கள் அனைத்துக்கும் ஒரு மலரும் சில வண்ணங்களும் இருக்கும். ஒன்றின் இடத்தில் மற்றொன்றை வைத்தால் வெளியாருக்கு வேறுபாடு தெரியாது. ஆனால் அவர்கள் கடிதங்களின் அடியில் எழுதும் ஒன்பது எழுத்துகள் என் கவனத்தை ஈர்த்தன: ஓ.ஏ.எஸ்., ஏ.ஏ.எஸ்., எல்.எல்.எஸ். விரித்தால், ஒருமுறை சின்ஃபோனியன் ஆனவன் என்றும் சின்ஃபோனியன், சின்ஃபோனியா நீடு வாழ்க என்று பொருள். கல்லூரியை விட்டு நாற்பதாண்டு ஆனவரும் இதை எழுதித்தான் கையெழுத்திடுகிறார். நம்மவர்கள் கடிதத்தின் தலையில் பிள்ளையார் சுழி போடுகிறோம், இவர்கள் காலில் போடுகிறார்கள், அவ்வளவே.

சங்கத்தின் ‘குறிக்கோள்’ என்று அவர்கள் வகுத்துக்கொண்ட வாசகம் அதைவிடச் சுவையானது. மிகச் சிறந்த, மிக உண்மையான சகோதர உணர்வை வளர்ப்பது. இசை மாணவர்களின் பரஸ்பர நலமும் சகோதரத்துவமும். அமெரிக்காவில் இசையின் முன்னேற்றம். தாய்க் கல்லூரியிடம் விசுவாசம். இந்த நான்கில் மூன்றாவதைக் கவனிக்க வேண்டும். அமெரிக்க இசையின் முன்னேற்றம் என்று எழுதவில்லை, அமெரிக்காவில் இசையின் முன்னேற்றம் என்று எழுதியிருக்கிறார்கள். சாட்விக்கைப் போன்ற இசையமைப்பாளர்கள் ஜெர்மனிக்குப் போய்ப் படித்துத் திரும்பினால்தான் மதிப்பு என்றிருந்த காலத்தில் எழுதிய வாசகம் அது. எந்த நாட்டு இசையானாலும் இந்த மண்ணில் அது வேர்விட வேண்டும் என்ற கவலை அதில் தெரிகிறது. இடைக்காலத்தில் இந்தக் குறிக்கோளைப் படைப்பு, கல்வி, ஆராய்ச்சி என்றெல்லாம் தொழில்முறைச் சொற்களால் மாற்றி எழுதிப் பார்த்துவிட்டு, 2003ஆம் ஆண்டு தேசிய மாநாட்டில் பழைய வாசகத்துக்கே திரும்பினார்கள். தாங்கள் இசைத் தொழிலாளர் சங்கமா, தேர்வில் மதிப்பெண் வாங்கியவர்களுக்கான கௌரவக் கழகமா, நண்பர் கூட்டமா என்ற கேள்வி இவர்களை நூறாண்டாக விடாமல் துரத்தியிருக்கிறது. முதலில் எழுதியதற்கே திரும்பியதன் மூலம், சகோதர உணர்வு முதல், இசை அதற்கு வழி என்று விடை சொல்லிக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு.

அந்த விடையின் நடைமுறைப் பயன், இசையைப் பாடமாக எடுக்காதவனும் சேரலாம் என்பது. ஆர்வமும் ஓரளவு திறமையும் இருந்தால் பொறியியல் மாணவனும் உறுப்பினன் ஆகலாம். உறுப்பினர்களாக இருந்த புகழாளர்களைப் பார்த்தாலும் இது விளங்கும். அணிவகுப்பு இசைக்குப் பெயர்போன ஜான் ஃபிலிப் சூசா கௌரவ உறுப்பினர். ஆனால் அமெரிக்கர்கள் பெருமையோடு முதலில் சொல்லும் பெயர்கள் ஆண்டி கிரிஃபித்தும் ஃபிரெட் ரோஜர்ஸும். முன்னவர் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தில் இசை படித்துவிட்டு நடிகர் ஆனவர். பின்னவர் ஃப்ளோரிடாவின் ரோலின்ஸ் கல்லூரியில் இசையமைப்பு படித்துவிட்டு, குழந்தைகளுக்கான தொலைக்காட்சி நிகழ்ச்சியில் ஸ்வெட்டரும் செருப்பும் மாற்றிக்கொண்டு முப்பதாண்டுகளுக்கும் மேலாகப் பாடிக்கொண்டிருந்தவர். இருவருமே இசையரங்குக்கு வெளியே இசையைக் கொண்டுபோனவர்கள்.

என் அக்காள் மகன் மற்றொரு மாநிலத்தில் கணினி அறிவியல் படிக்கிறான். பள்ளியிலிருந்தே டிரம்பெட் வாசிப்பவன். பாட்டிக்குப் பாடிக் காட்டியவர்களைப் பற்றி நான் தொலைபேசியில் சொன்னபோது, அவனுடைய பல்கலைக்கழகத்திலும் இதே சங்கத்தின் கிளை இருப்பதாகவும், தன்னையும் அழைத்திருப்பதாகவும், சேரலாமா என்று தன் அம்மாவிடம் கேட்கத் தயங்கிக்கொண்டிருப்பதாகவும் சொன்னான். அவன் தயக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஃப்ரட்டர்னிட்டி என்ற சொல்லைக் கேட்டாலே நம் குடும்பங்களில் நினைவுக்கு வருவது மதுவும் ராகிங்கும். அந்த அச்சம் வெறும் கற்பனையும் அன்று: 2011ஆம் ஆண்டு ஃப்ளோரிடா மாநிலத்தில் ஒரு பல்கலைக்கழக அணிவகுப்பு இசைக்குழுவின் மாணவர் ஒருவர், பேருந்துக்குள் சக மாணவர்கள் நடத்திய சடங்கு அடியில் உயிரிழந்தார். இசை மாணவர்கள் மென்மையானவர்கள், அவர்களிடம் அதெல்லாம் இராது என்ற எண்ணத்தை அந்த ஒரு நிகழ்வு உடைத்துவிட்டது.

எனவே சேருமுன் நாங்கள் கேட்ட கேள்விகளை வரிசையாகச் சொல்கிறேன், பிற பெற்றோர்களுக்குப் பயன்படும். புதிதாக வருபவன் எத்தனை வாரம் பயிற்சியில் இருக்க வேண்டும். அந்த வாரங்களில் இரவு எத்தனை மணிவரை கூட்டம். பல்கலைக்கழகத்தில் ஆலோசகராக இருக்கும் ஆசிரியர் யார். பிடிக்காவிட்டால் நடுவில் விலகலாமா. சங்கத்தின் தேசிய விதிகள் ராகிங்கை முற்றாகத் தடை செய்கின்றன. ஆனால் விதி எழுதுவது தலைமையகம், நடத்துவது இருபது வயதுப் பையன்கள் என்பதால், ஆலோசகரிடம் நேரில் பேசுவதே நல்லது. அவனுடைய கிளையில் எல்லாக் கேள்விகளுக்கும் நேரான விடை கிடைத்தது. வேறொரு பல்கலைக்கழகத்தில், பெயர் சொல்ல விரும்பாத வேறொரு சங்கத்தில், எங்கள் நண்பர் வீட்டுப் பெண் இதே கேள்விகளைக் கேட்டதற்கு, நம்பிக்கை இல்லாதவர்கள் சேரத் தேவையில்லை என்று பதில் வந்தது, அவள் சேரவில்லை. அப்படி ஒரு பதில் வந்தால் எந்தச் சங்கமானாலும் திரும்பி வந்துவிடலாம்.

புதியவனை இங்கே தகுதிகாண் உறுப்பினன் என்றுதான் அழைக்கிறார்கள். நம் அரசு அலுவலகங்களின் தகுதிகாண் பருவத்தை நினைத்துக்கொள்ளலாம். அந்த வாரங்களில் சங்கத்தின் வரலாறு, பாடல்கள், அமைப்பு ஆகியவற்றைப் படிக்க வேண்டும். பாடல் என்றால் ஏட்டைப் பார்த்துப் பாடுவதன்று, நான்கு குரலில் தன் குரலை மனப்பாடமாகப் பாட வேண்டும். என் மருமகன் டிரம்பெட் வாசிப்பவனே தவிர வாய்திறந்து பாடியவன் அல்லன். முதல் மூன்று வாரம் அவன் அனுப்பிய குரல் பதிவுகளைக் கேட்டு நாங்கள் சிரித்தது உண்டு. நான்காவது வாரத்தில் அவன் பாஸ் குரலைத் தனியாகப் பிடித்து நின்றான். அதைக் கேட்டு நாங்கள் சிரிக்கவில்லை. வாத்தியக்காரனையும் பாடவைப்பது இச்சங்கத்தின் மரபுகளில் நான் மிகவும் மதிப்பது. தனி அறையில் நாளுக்கு நான்கு மணிநேரம் தன் வாத்தியத்தோடு போட்டி போடுபவனுக்கு, பக்கத்தில் நிற்பவனின் குரலைக் கேட்டால்தான் தன் குரலை வைக்க முடியும் என்ற நிலை ஒரு மருந்து.

உறுப்பினனாக ஏற்கும் சடங்கு இரகசியமானது. என்ன நடந்தது என்று நான் கேட்டதற்கு, மாமா, அதை மட்டும் கேட்காதீர்கள், மற்றதெல்லாம் சொல்கிறேன் என்றான். சடங்கின்போது கதவருகே நிற்கவும் சடங்குப் பொருள்களைக் காக்கவும் வார்டன் என்று ஒரு பொறுப்பாளர் இருக்கிறார் என்பது மட்டும் தெரிந்தது. வார்டன் என்றதும் விடுதியில் டார்ச் விளக்கோடு சுற்றுபவரை நினைத்துக்கொண்டது என் தவறு. இந்த இரகசியத்தால் எனக்குத் தனிப்பட்ட குறை எதுவும் இல்லை. ஆனால் ஒரு மதிப்புரையாளனாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்: பணம் செலுத்தும் குடும்பம் எதற்குச் செலுத்துகிறது என்று முழுமையாகப் பார்க்க முடியாத சேவை இது. கதவுக்கு உள்ளே நடப்பதைப் பற்றி நான் நல்லதும் சொல்ல முடியாது, கெட்டதும் சொல்ல முடியாது. கதவுக்கு வெளியே அவர்கள் செய்வதை வைத்தே மதிப்பிட்டேன். அந்த நடைகூடத்தை நான் பார்த்திராவிட்டால் மருமகன் சேருவதற்குச் சம்மதம் சொல்லியிருப்பேனா என்பது ஐயமே.

செலவைப் பொறுத்தவரை, சேரும்போது ஒருமுறை கட்டும் தொகை, பிறகு ஆண்டுதோறும் தேசியத் தலைமைக்கும் கிளைக்கும் தனித்தனியே கட்டும் சந்தா என்று இருக்கிறது. தொகை கிளைக்குக் கிளை வேறுபடுவதால் இங்கே எண் குறிப்பிட்டுப் பயனில்லை. நட்புக்காகவே கூடி, பெரிய மாளிகையில் தங்கும் சமூக ஃப்ரட்டர்னிட்டிகளோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. ஒரு மாணவனின் சட்டைப்பையோடு ஒப்பிட்டால் சிறிதன்று. உண்மையான செலவு நேரம். வாரம் ஒரு கூட்டம், பாடல் ஒத்திகை, கல்லூரிக் கச்சேரிகளுக்கு நாற்காலி போடுவது, மேடை தூக்குவது, வாசலில் நின்று வருபவர்களை அமரவைப்பது என்று ஒரு பருவம் முழுவதும் மாலைகள் கரைகின்றன. தேர்வு மதிப்பெண் முக்கியம் என்ற நிலையில் இருப்பவர்கள் இரண்டாம் ஆண்டுவரை பொறுத்திருக்கலாம்.

நான் மதிப்பெண் குறைப்பது வேறோர் இடத்தில். சின்ஃபோனியா இன்றளவும் ஆண்களுக்கு மட்டுமே உரிய சங்கம். கல்வி நிறுவனங்களில் பாலினப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் 1972இல் வந்தது. 1974இல் சமூகச் சகோதரச் சங்கங்களுக்கு அதிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. தொழில்முறைச் சங்கங்களுக்கு அந்த விலக்கு இல்லை. அதன் விளைவாக, 1919இல் ஓக்லஹோமாவின் ஸ்டில்வாட்டரில் பல்கலைக்கழக இசைக்குழுவினருக்காகத் தோன்றிய கப்பா கப்பா சை 1977இல் பெண்களுக்குக் கதவைத் திறந்தது. 1903இல் சின்சினாட்டியில் தோன்றிய மியூ ஃபை எப்சிலான் என்னும் இசைச் சங்கமும் அதே 1977இல் ஆண் பெண் இருபாலரையும் ஏற்றது. சின்ஃபோனியா தன்னைச் சமூகச் சங்கம் என்று நிலைநிறுத்திக்கொண்டு பழைய வழியிலேயே நின்றது. 1903இல் மிச்சிகனின் ஆன் ஆர்பரில் ஏழு பெண்கள் தொடங்கிய சிக்மா ஆல்ஃபா அயோட்டா பெண்களுக்கு மட்டும் உரியதாக மறுபுறத்தில் நிற்கிறது. இரு சங்கங்களும் பல கல்லூரிகளில் சேர்ந்து நிகழ்ச்சி நடத்துகின்றன.

நான்கு ஆண்குரல்களின் நாதம் தனி அழகு என்பதை அந்த நடைகூடத்தில் கேட்டவன் நான், அதை மறுக்கமாட்டேன். அந்த அழகுக்கு ஆண் பாடகர் குழு ஒன்று போதுமே, சங்கத்தையே ஏன் ஆண்களுக்கு மட்டும் என்று வைக்க வேண்டும் என்பதுதான் கேள்வி. டிரம்பெட்டுக்கு ஆண்பால் பெண்பால் கிடையாது. பெண்கள் நிறைந்த கல்லூரியில் ஒதுங்கிக் கிடந்த சில ஆண்களைச் சேர்த்து வைக்க 1898இல் மில்ஸ் கண்ட வழி, அன்றைய நிலைமைக்கு நியாயமானது. அந்த நிலைமை மாறி எவ்வளவோ காலம் ஆகிவிட்டது. இருந்தும், உறுப்பினர்கள் இதை ஒரு குறையாகவே உணரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆண்கள் ஒருவரோடொருவர் மனம்விட்டுப் பேசவும், வெட்கமின்றிச் சேர்ந்து பாடவும் வேறு இடம் எங்கே இருக்கிறது என்று என் மருமகன் கேட்டான். அந்தக் கேள்விக்கு என்னிடம் விடை இல்லை; என் நிலைப்பாட்டையும் நான் மாற்றிக்கொள்ளவில்லை.

வசந்த காலத்தில் அவனுடைய கிளை நடத்திய அமெரிக்க இசைக் கச்சேரிக்குப் போயிருந்தேன். அமெரிக்க இசையமைப்பாளர்களின் படைப்புகளை மட்டுமே கொண்டு இவ்வாறு ஒரு நிகழ்ச்சி நடத்துவது இச்சங்கத்தின் நீண்டகால வழக்கம். அனுமதி இலவசம், எண்பது பேர் அமரக்கூடிய சிறிய அரங்கு. கோப்லாந்து, ஐவ்ஸ், எலிங்டன் என்று மூன்று திசையில் இருந்து மூன்று பேரை ஒரே மாலையில் வைத்திருந்தார்கள். நியூயார்க்கில் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் நடத்திக்கொண்டே மாலையிலும் விடுமுறையிலும் இசை எழுதியவர் சார்லஸ் ஐவ்ஸ். கணினி படிக்கும் பையன்களும் கணக்குப் படிக்கும் பையன்களும் கலந்த அந்தக் குழுவுக்கு அவரைவிடப் பொருத்தமானவர் கிடைக்கமாட்டார். பித்தளை வாத்திய ஐவர் குழுவில் என் மருமகன் இரண்டாம் டிரம்பெட். அவன் மாமன் சொல்வதை நீங்கள் நம்பத் தேவையில்லை. ஆனால் எலிங்டன் வாசித்தபோது முன்வரிசையில் இருந்த முதிய பேராசிரியர் காலால் தாளம் போட்டதை நான் மட்டும் பார்க்கவில்லை. நிகழ்ச்சி முடிந்ததும் உறுப்பினர்கள், அரங்கில் இருந்த பழைய உறுப்பினர்கள், அந்தப் பேராசிரியர் உட்பட எல்லோரும் எழுந்து வட்டமாக நின்று சங்கப் பாடலைப் பாடினார்கள். பத்தொன்பது வயதும் எழுபது வயதும் ஒரே குரல்வரிசையில் நிற்பதைப் பார்க்கையில், கடிதத்தின் அடியில் எழுதும் அந்த ஒன்பது எழுத்துகள் வெறும் அலங்காரமல்ல என்று தோன்றியது.

தலைமையகம் இண்டியானா மாநிலத்தின் எவன்ஸ்வில் நகரில் லயர்கிரெஸ்ட் என்னும் பழைய மாளிகையில் இருக்கிறது. மாணவர்கள் குழுவாகக் காரோட்டிச் சென்று பார்த்து வருவது வழக்கம். என் மருமகனும் போய்வந்தான். தேசிய மாநாடு மூன்றாண்டுக்கு ஒருமுறை. 1954இல் தொடங்கிய அறக்கட்டளை ஒன்று உதவித்தொகை வழங்குகிறது. உறுப்பினரல்லாத நமக்கு இவற்றால் நேரடிப் பயன் ஏதுமில்லை.

நமக்குப் பயன்படுவது அந்த நடைகூடப் பாட்டுத்தான். ஆகவே அமெரிக்காவில் பெற்றோரைப் பராமரிப்பு இல்லத்தில் வைத்திருக்கும் நம்மவர்களுக்கு நடைமுறைக் குறிப்புகள் சில. அருகிலுள்ள பல்கலைக்கழகத்தின் இசைத் துறை அலுவலகத்தில் கேட்டால் கிளை இருக்கிறதா என்று சொல்லிவிடுவார்கள். அழைப்பு இல்லத்தின் செயல்பாட்டு ஒருங்கிணைப்பாளர் வழியாகப் போவது நல்லது. உறவினர் நேராக அழைத்தால் அனுமதிச் சிக்கல் வரும். அக்டோபர், நவம்பர், பிப்ரவரி மாதங்கள் ஏற்றவை. டிசம்பர் முதல் வாரத்திலும் மே மாதத்திலும் தேர்வு இருப்பதால் ஆள் கிடைக்கமாட்டார்கள். பியானோ வேண்டியதில்லை, மேடை வேண்டியதில்லை. பாடும் நேரத்தில் பொதுக்கூடத்துத் தொலைக்காட்சியை நிறுத்தும்படி மட்டும் முன்கூட்டியே சொல்லி வைக்க வேண்டும். தமிழ்ப் பாட்டு எதிர்பார்க்க வேண்டாம். காது மந்தமானவர்களைப் பாஸ் குரல்காரர்களின் பக்கத்தில் அமரவைத்தால், கேட்காவிட்டாலும் நாற்காலியின் கைப்பிடியில் அதிர்வு தெரியும். இது அம்மாவின் பக்கத்து அறைப் பாட்டி எனக்குக் காட்டிய வழி.

மருத்துவமனைச் சேவைக்கு ஐந்துக்கு ஐந்து தருகிறேன். மாணவன் சேருவதற்கான சங்கம் என்ற அளவில், நல்ல ஆலோசகர் உள்ள கிளையாக இருந்தால் மூன்றரை. பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் அந்த மூன்றரையையும் தர மறுத்தால் நான் வாதிடமாட்டேன்.

அம்மா இப்போது கைத்தடியோடு நடக்கிறார். வருகிற நவம்பரில் அதே இல்லத்துக்குப் பையன்கள் மறுபடி வருவதாக ஒருங்கிணைப்பாளர் எழுதியிருக்கிறார். இம்முறை இரண்டு ஃபிளாஸ்க் காபியும் நாற்பது காகிதக் கோப்பைகளும் எடுத்துக்கொண்டு போக வேண்டும் என்பது அம்மாவின் உத்தரவு. பதினான்கு பேருக்கு எதற்கு நாற்பது கோப்பை என்று கேட்டேன். பாட்டுக் கேட்பவர்களுக்கும் வேண்டாமா என்றார்.